யானை நடக்க வேண்டும்: ஆசிய யானைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யானை ஊருக்குள் வந்துவிட்டது என்று ஒரு செய்தி வந்தால் போதும், "காட்டுல சாப்பாடு இல்லையா?", "பிடிச்சுக் கொண்டு போய் வேற காட்டுல விட வேண்டியதுதானே?" என்று கேள்விகள் வரிசை கட்டும். கோயில் யானை ஒன்று இறந்தாலோ பாகனைத் தாக்கினாலோ இன்னொரு வரிசை. இவற்றுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. காட்டு யானையோ கட்டிப்போட்ட யானையோ, எந்தச் சிக்கலைத் தொட்டாலும் அது யானையின் காலில் போய்த்தான் நிற்கிறது. நடக்கப் பிறந்த உடம்பு அது. அதை நடக்க விடுகிறோமா என்பதுதான் கீழே உள்ள எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடுகிற கேள்வி.

ஆசிய யானைகள் மொத்தம் எத்தனை இருக்கின்றன?

இந்தியா, இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம், சீனா, மலேசியா, இந்தோனேசியா ஆகிய 13 நாடுகளின் காடுகளில் மட்டுமே ஆசிய யானை மிஞ்சியிருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 50,000. சீனாவிலும் வியட்நாமிலும் எண்ணிக்கை சில நூறைத் தாண்டாது. இலங்கையில் 2011-ல் எடுத்த கணக்கெடுப்பு 5,879 என்றது. 1986 முதலே இது அழியும் நிலையில் உள்ள இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் இருக்கிறது.

இந்தியாவில் 2025-ல் வெளியான கணக்கு 22,446. தமிழ்நாட்டின் பங்கு 3,136, கர்நாடகத்தின் பங்கு 6,013. இந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். புதிதாக விழுந்த லத்தியின், அதாவது யானைச் சாணத்தின், மேல் வழவழப்பான ஒரு படலம் இருக்கும். குடலிலிருந்து உதிர்ந்த செல்கள் அதில் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்து மரபணுவைப் பிரித்து, ஒவ்வொரு யானையையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, அதிலிருந்து மொத்தத்தைக் கணித்திருக்கிறார்கள். 2017-ல் நேரில் பார்த்து எண்ணிய முறையில் 27,000-க்கு மேல் வந்தது. இரண்டையும் கழித்துப் பார்த்து "எட்டு வருஷத்துல ஐயாயிரம் யானை செத்துப்போச்சு" என்று பகிர்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அளக்கும் கோலே மாறிவிட்டது. இனி வரும் கணக்குகளைத்தான் இந்த எண்ணோடு ஒப்பிட முடியும்.

ஆப்பிரிக்க யானையும் நம் யானையும் ஒன்றில்லையா?

இல்லை, பேரினமே வேறு. நம் யானைக்குக் காது சிறியது, நெற்றி இரண்டு மேடாகப் புடைத்திருக்கும், தும்பிக்கை நுனியில் ஒரு விரல்தான். தந்தம் ஆணுக்கு மட்டுமே நீளமாக வளரும். ஆணாகப் பிறந்தும் தந்தம் இல்லாதது மக்னா. இலங்கையில் ஆண் யானைகளிலேயே தந்தமுள்ளவை நூற்றுக்குப் பத்துகூடத் தேறாது.

யானை ஏன் இவ்வளவு தூரம் நடக்கிறது?

வயிறுதான் காரணம். வளர்ந்த யானை ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்கிறது, 100 லிட்டருக்கும் மேல் குடிக்கிறது. தின்றதில் பாதிகூடச் செரிப்பதில்லை. அதனால் நாளில் பெரும்பகுதி தின்பதிலேயே போகிறது. இத்தனை வயிறுகள் உள்ள கூட்டம் ஓர் இடத்தில் தங்கினால் அந்த இடம் மொட்டையாகிவிடும். ஆகவே மழைக்குத் தகுந்த மாதிரி, புல் தளிர்க்கிற பக்கம், ஆறு வற்றாத பக்கம் என்று நகர்ந்துகொண்டே இருக்கும். இதைத்தான் வலசை என்கிறோம். ஒரு கூட்டத்தின் நடமாட்டப் பரப்பு பல நூறு சதுர கிலோமீட்டர் வரும்.

இந்த வழிகளை நினைவில் வைத்திருப்பது மூத்த பிடி, அதாவது வயதான பெண் யானை. எந்த வறட்சியில் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊறும் என்பதைப் பாட்டியிடமிருந்து தாயும் தாயிடமிருந்து மகளும் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு மூத்த பிடி மின்வேலியில் சிக்கிச் செத்தால் கூட்டத்தின் வரைபடமே கிழிந்துபோகிறது. செத்தவை எத்தனை என்று எண்ணும் பட்டியல்களில் இந்த இழப்பு வருவதே இல்லை.

வழித்தடம் என்கிறார்களே, அது சாலை மாதிரி ஒரு கோடா?

இரண்டு பெரிய காடுகளைச் சேர்க்கிற ஒடுங்கிய இணைப்பு அது. சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் அகலம், சில இடங்களில் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சந்து. 2023-ல் இந்திய அரசு வெளியிட்ட பட்டியலில் 150 வழித்தடங்கள் இருக்கின்றன.

நீலகிரியின் சீகூர் பீடபூமியைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம். முதுமலைப் பக்கத்திலிருந்து சத்தியமங்கலம் பக்கம் போகிற யானை ஒரு புறம் நீலகிரியின் செங்குத்துச் சரிவையும் மறுபுறம் மாயாற்றின் ஆழப் பள்ளத்தையும் விட்டுவிட்டு நடுவிலுள்ள பட்டையில்தான் நடந்தாக வேண்டும். அந்தப் பட்டையில்தான் விடுதிகள் வரிசையாக முளைத்தன. வழக்கு பல ஆண்டு நடந்து, 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் வழித்தடத்துக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொல்லி, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஆனால் ஒன்று. வழித்தட வரைபடம் என்றதும் விடுதி முதலாளிக்கும், மூன்று தலைமுறையாக அங்கே குடியிருக்கிற சிறு விவசாயிக்கும், பழங்குடிக் கிராமத்துக்கும் ஒரே நோட்டீஸ் போவது நியாயமில்லை. யானையோடு சேர்ந்து வாழ்ந்து பழகியவர்களை எதிரியாக்கிவிட்டு எந்த வழித்தடத்தையும் காப்பாற்ற முடியாது.

காட்டில் உணவு இல்லாததால்தானே ஊருக்குள் வருகிறது?

பாதி உண்மை. முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம் என்று எங்கே போனாலும் உண்ணிச்செடி புதர் மண்டிக் கிடக்கிறது. தோட்டத்து அழகுக்காக வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்த செடி. அது படர்ந்த இடத்தில் புல் வளராது, யானையும் அதைத் தொடாது. மாயாறு பள்ளத்தாக்கில் சீமைக்கருவேலம், நீலகிரிச் சரிவுகளில் மஞ்சள் பூப் பூக்கும் சென்னா மரம். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிற காடு யானைக்கு வெறும் காடாக இருக்கலாம். இவற்றை வேரோடு எடுத்துப் புல்லை மீட்கிற வேலையில் ஈடுபடுகிறவர்களுக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை. யானைக்கு அவர்கள் செய்வது சோறு போடுகிற வேலை.

மீதிப் பாதி பயிரின் கவர்ச்சி. கரும்பும் நெல்லும் ராகியும் வாழையும் காட்டுப் புல்லைவிடச் சத்தும் உப்பும் மிகுந்தவை. இரவெல்லாம் அலைந்து சேர்க்கிற சத்தை ஒரு வயலில் இரண்டு மணி நேரத்தில் தின்றுவிடலாம். அதிலும் வளர்ந்த ஆண் யானைகள்தான் இந்தத் துணிச்சலைக் காட்டுகின்றன. உடம்பு பெருத்த ஆணுக்கே இணை கிடைக்கும் என்பதால், ஆபத்து இருந்தாலும் இறங்கிப் பார்க்கிறது. இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார் 1980-களில் தென்னிந்தியக் காடுகளில் செய்த ஆய்வுகள் இதைத்தான் எடுத்துக் காட்டின. ஆகவே காட்டில் பலா மரம் நட்டால் யானை வெளியே வராது என்கிற தீர்வு கேட்க நன்றாக இருக்கும், நடப்பில் செல்லாது.

தொந்தரவு செய்யும் யானையைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். சின்னத்தம்பி என்ற யானையின் கதையே போதுமான பதில். கோவை தடாகம் பகுதியில் சுற்றிய அந்தக் கொம்பனை, அதாவது தந்தமுள்ள ஆண் யானையை, 2019 ஜனவரியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, டாப்சிலிப் பக்கம் வரகளியாறு காட்டில் விட்டார்கள். சில நாள்தான். காட்டை விட்டு இறங்கி, சுமார் நூறு கிலோமீட்டர் நடந்து உடுமலைப்பேட்டைப் பக்கம் கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலை அருகே வந்து கரும்புக்குள் நின்றது. ஆயிரக்கணக்கான பேர் வேடிக்கை பார்த்தார்கள். அது யாரையும் தாக்கவில்லை. பிப்ரவரி 15-ல் மறுபடி பிடித்துக் கரால் என்கிற மரக்கூண்டில் அடைத்தார்கள். இன்று அது கும்கி, வனத்துறைக்காகப் பழக்கிய முகாம் யானை.

அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் கடைசியில் கேரளத்தின் சின்னக்கானலிலிருந்து பெரியாறு காட்டுக்கு மாற்றினார்கள். மே 27-ல் அது கம்பம் நகர வீதியில் ஓடியது. ஜூன் 5-ல் தமிழ்நாடு வனத்துறை பிடித்து களக்காடு முண்டந்துறையின் மேல் கோதையாறு பகுதியில் விட்டது.

இவை இரண்டும் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் இடம் மாற்றிய 12 ஆண் யானைகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்த ஆய்வு 2012-ல் வெளியானது. சில யானைகள் பிடித்த இடத்துக்கே திரும்பின, சில எங்கெங்கோ அலைந்தன, சில விட்ட இடத்தைச் சுற்றியே தங்கின. இடமாற்றம் மோதலைக் குறைக்கவில்லை, புதிய இடங்களுக்குப் பரப்பியது, யானைச் சாவையும் கூட்டியது என்று அந்த ஆய்வு முடிவு சொன்னது. யானைக்கு வீடு என்பது சேறும் சுவடும் வாசனையுமாக மனதில் பதிந்த நிலம். லாரியில் ஏற்றி இறக்கிவிட்டால் அது அழிந்துவிடாது.

ஆளைக் கொல்லும் யானையை அப்படியே விட்டுவிட முடியுமா? முடியாது. வேறு வழியே இல்லாத நேரத்தில் பிடிக்கத்தான் வேண்டும். அது கடைசி வழியாக இருக்க வேண்டும், தேர்தல் நேரத்து முதல் வழியாக இருக்கக் கூடாது.

கும்கி என்றால் என்ன? கராலில் என்ன நடக்கிறது?

காட்டு யானையை விரட்டவும் பிடிக்கவும் பழக்கிய முகாம் யானை கும்கி. ஆனைமலை கோழிகமுத்தி முகாமின் கலீம் 99 நடவடிக்கைகளில் பங்கெடுத்து, 2023 மார்ச்சில் வனத்துறையின் மரியாதை அணிவகுப்போடு ஓய்வு பெற்றது.

கரால் என்பது பருத்த மரங்களை அடுக்கிக் கட்டிய கூண்டு. பிடிபட்ட யானை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அதற்குள் இருக்கும். பாகன் வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார். கரும்பையும் வெல்லத்தையும் கையால் கொடுத்து, மெல்ல மெல்லத் தொடவிடுகிற நிலைக்குக் கொண்டுவருவார். நல்ல பாகன் குரலால் பழக்குவார், மோசமான பாகன் கம்பால் பழக்குவார். எப்படிப் பழக்கினாலும் அந்தக் கூண்டுக்குள் ஒரு காட்டு யானை எதையோ இழக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. மியான்மரில் மரம் இழுக்கும் யானைகளின் தலைமுறைப் பதிவேடுகளை அலசிய ஆய்வு, காட்டில் பிடித்துப் பழக்கியவை முகாமிலேயே பிறந்தவற்றைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தன என்று 2018-ல் காட்டியது.

மூர்த்தியையும் சொல்ல வேண்டும். இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற மக்னா அது. 1998-ல் கூடலூர்ப் பக்கம் பிடித்தபோது உடம்பெங்கும் புண். யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் சிகிச்சையில் தேறி, முதுமலையின் தெப்பக்காடு முகாமின் மிகச் சாதுவான யானைகளில் ஒன்றாக வாழ்ந்து 2024-ல் இறந்தது. "கொலைகார யானை" என்று எழுதும்போது அந்தப் புண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது யானைகளை அதிகம் கொல்வது எது?

மின்சாரம். மனிதரால் நேரும் யானைச் சாவுகளில் இந்தியாவில் முதலிடம் அதற்குத்தான். முறையான சோலார் வேலி விட்டுவிட்டு அடிக்கும், சுளீர் என்று வலிக்கும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவதுதான் கொலை. 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் பிணங்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்த ஆண்டே தமிழ்நாடு, மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. தாழத் தொங்கும் மின்கம்பிகளும் கொல்கின்றன. அதைச் சரிசெய்ய கம்பத்தை உயர்த்தினால் போதும்.

அடுத்தது அவுட்டுக்காய். பழத்துக்குள்ளோ மாவுக்குள்ளோ வெடிமருந்தை வைத்துக் காட்டுப்பன்றிக்குப் போடுவார்கள். யானை கடித்தால் தாடையும் நாக்கும் கிழியும். உடனே சாகாது. ஆற்றுத் தண்ணீரில் வாயை அமிழ்த்திக்கொண்டு, எதையும் தின்ன முடியாமல், நாள்கணக்கில் நின்று மெலிந்து சாகும். இலங்கையில் இதே கொடுமைக்கு ஹக்க பட்டாஸ் என்று பெயர்.

ரயிலைப் பற்றி மட்டும் நல்ல செய்தி சொல்ல முடிகிறது. கோவை மதுக்கரைப் பகுதியில் 2021 நவம்பரில் ஒரே இரவில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டன. 2024 பிப்ரவரியில் அங்கே செயற்கை நுண்ணறிவும் வெப்பக் கேமராக்களும் சேர்ந்த எச்சரிக்கை அமைப்பு வந்தது. தண்டவாளத்தை யானை நெருங்கினால் ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகிறது. தண்டவாளத்துக்கு அடியில் யானைகள் கடக்கச் சுரங்க வழியும் இருக்கிறது. யானைகள் அதைப் பழகிக்கொண்டன.

தந்த வேட்டை முடிந்துவிட்டதா?

குறைந்திருக்கிறது, முடியவில்லை. 1970, 80-களில் நடந்த வேட்டையின் தழும்பு இன்னும் தெரிகிறது. தந்தத்துக்காக ஆண்களை மட்டும் சுட்டதால், பெரியாறு காட்டில் ஒரு காலத்தில் நூறு வளர்ந்த பெண்களுக்கு ஓர் ஆண் என்கிற நிலை வந்தது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்தச் சரிவு கண்ணுக்கே தெரியாது.

யானையைப் பற்றியே பேசுகிறீர்களே, சாகிற மனிதர்கள்?

இந்தியாவில் ஆண்டுக்கு 500-க்கும் மேற்பட்டோர் யானை தாக்கி இறக்கிறார்கள். பெரும்பாலும் ஏழைகள். விடியும் முன் வேலைக்கு நடந்துபோகிற தோட்டத் தொழிலாளி, இரவில் காவல் இருக்கும் விவசாயி, விறகெடுக்கப் போன பாட்டி. இந்தச் சாவுகளைச் சிறிதாக்கிப் பேசுகிறவர் யானைக்கும் நல்லது செய்யவில்லை.

வால்பாறை காட்டுகிற வழி எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் காடு, அதனூடே ஆண்டு முழுக்க யானைகள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற காட்டுயிர் ஆய்வு அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமாரின் குழு இறப்புகளை ஒவ்வொன்றாக விசாரித்தபோது, யானை அங்கே நிற்பது தெரியாமல் எதிர்பாராமல் மோதியதால்தான் பெரும்பாலானவை நடந்தன என்று தெரிந்தது. அப்படியானால் தேவை வேலி இல்லை, தகவல்தான். யானை எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்று சாயங்காலமே செல்பேசியில் செய்தி, உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் வரி, முக்கியமான திருப்பங்களில் கைபேசியால் எரியவைக்கும் சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று பொருள், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. இதில் ஒரு யானையைக்கூட விரட்டவில்லை, பிடிக்கவில்லை.

இழப்பீடும் இதில் ஒரு பகுதிதான். வாழை போன விவசாயிக்குப் பணம் ஒரு வருடம் கழித்துத்தான் வரும் என்றால், இடைப்பட்ட இரவுகளில் அவர் கம்பியில் மின்சாரம் விடுவதைப் பற்றி யோசிக்கத்தான் செய்வார்.

வனத்துறை முகாமில் யானை எப்படி இருக்கிறது?

தெப்பக்காட்டின் நடைமுறையைச் சொல்கிறேன். வேலை முடிந்த யானையைச் சாயங்காலம் காட்டுக்குள் அவிழ்த்து விடுவார்கள். காலில் ஒரு நீளச் சங்கிலி இழுபடும். இரவெல்லாம் அது தன் விருப்பப்படி மேயும். காலையில் பாகனும் அவருக்கு உதவியாளரான காவடியும் சங்கிலி இழுத்த தடத்தைப் பிடித்துக்கொண்டே போவார்கள். ஈர மண்ணில் கோடு பாம்பு போல வளைந்து போகும், பாறையில் காணாமல் போகும், பிறகு ஒடிந்த மூங்கிலையும் லத்தியின் சூட்டையும் பார்த்துத் திசை சொல்வார்கள். கண்டுபிடித்து அழைத்து வந்து, மாயாற்றில் படுக்கவைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டி, ராகிக் களியும் வேகவைத்த கொள்ளும் வெல்லமும் உப்பும் உருட்டிக் கவளமாக வாயில் வைப்பார்கள். ஒவ்வொரு யானைக்கும் அளவு தனி.

இரவு மேய்ச்சல்தான் இதன் உயிர். நடக்கிறது, தனக்கு வேண்டிய தழையைத் தானே தேர்ந்தெடுக்கிறது, காட்டு யானைகளைச் சந்திக்கிறது. முகாமின் பிடிகள் காட்டுக் களிறுகளோடு சேர்ந்து குட்டி போட்டிருக்கின்றன. கட்டிப்போட்ட யானைகளில் இப்படி இயல்பாகப் பெருகியவை உலகத்தில் மிகக் குறைவு. குறும்பர், இருளர், மலசர் சமூகத்துப் பாகன்களின் கைப்பக்குவம் இல்லாமல் இது நடந்திருக்காது. அவர்கள் பிள்ளைகளுக்கு நல்ல சம்பளமும் வீடும் கொடுத்தால்தான் அந்த அறிவு அடுத்த தலைமுறைக்குப் போகும்.

கோயில் யானை சந்தோஷமாகத்தானே தலையாட்டுகிறது?

இல்லை. இதைச் சொல்லும்போது பலருக்கு மனம் வருந்தும், தெரியும். பக்தியோடு பார்க்கிறவர்களைக் குறை சொல்லவும் இல்லை. ஆனால் கட்டிப்போட்ட இடத்தில் நின்று, ஒரே தாளத்தில், மணிக்கணக்கில் உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டுவது நடக்க முடியாத யானையின் மன நோய்க்குறி. காட்டு யானை அப்படி ஆடுவதில்லை. நாகஸ்வரத்துக்கு ஆடுகிறது என்று நினைக்கிறோம், வாசிப்பு நின்ற பிறகும் அது ஆடிக்கொண்டே இருக்கும்.

அடுத்த முறை போகும்போது முகத்தைப் பார்க்கும் முன் பாதத்தைப் பாருங்கள். யானையின் பாதத்துக்குள் எலும்புகள் நுனிக்காலில் நிற்பது போல இருக்க, பின்னால் கொழுப்பு மெத்தை ஒன்று எடையைத் தாங்குகிறது. மண்ணிலும் மணலிலும் நடந்து தேய்வதற்காக உண்டான உள்ளங்கால் அது. சிமெண்டுத் தரையில், தன் மூத்திர ஈரத்திலேயே நாள் முழுதும் நின்றால் நகம் வெடிக்கும், நக ஓரம் சீழ் பிடிக்கும், கிருமி எலும்புக்கு இறங்கும். கூடவே மூட்டு வலி, உடல் பருமன். ஒரு நாள் படுத்தால் எழுந்திருக்காது. கட்டிப்போட்ட யானைகள் பலவற்றைக் கொண்டுபோவது இந்தப் பாதநோய்தான்.

தனியாக நிற்பது இன்னொரு கொடுமை. பிடி யானை பிறந்ததிலிருந்து சாகும்வரை உறவுக்கூட்டத்தில் வாழ்கிற விலங்கு. கோயிலில் அதற்குப் பாகனைத் தவிர ஆளில்லை. பல பாகன்கள் தங்கள் பிள்ளையைப் போல அதைப் பார்க்கிறார்கள். இருந்தாலும் இன்னொரு யானையின் இடத்தை மனிதர் நிரப்ப முடியாது. 2003-ல் தமிழ்நாடு அரசு கோயில் யானைகளுக்கு நலவாழ்வு முகாம் தொடங்கியது. பிறகு தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் நடந்த அந்த முகாம்களில், கோயில் யானைகள் ஒன்றையொன்று தும்பிக்கையால் தடவிப் பார்த்த காட்சி எல்லாருக்கும் நினைவிருக்கும். முகாம் முடிந்து லாரியில் ஏற மறுத்து நின்றதும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 1977-ல் யானை சேர்ந்தது. காட்டிலிருந்து பிடித்து விற்பது அத்தோடு முடிந்தது. உரிமைச் சான்று இல்லாமல் யாரும் யானை வைத்திருக்க முடியாது. தமிழ்நாட்டுக்கு 2011-லிருந்து தனி விதிகள் உண்டு. 2022-ல் வந்த திருத்தம், உரிமைச் சான்று உள்ளவர் சமயக் காரியத்துக்கோ "வேறு எந்த நோக்கத்துக்கோ" யானையைக் கொண்டுபோக வழி திறந்தது. அந்தச் சொற்றொடர் மிக அகலமானது என்பது என் கருத்து. யானை வணிகம் வேறு பெயரில் திரும்ப அது போதும். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களும் தனியாரும் இனிப் புதிதாக யானை வாங்குவதைத் தடுக்கச் சொன்னது. இருக்கிற யானைகளைச் சாகும்வரை நன்றாகப் பார்த்துக்கொண்டு, புதிதாக எதையும் கொண்டுவராமல் இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மிருகக்காட்சிசாலையில் பாதுகாப்பாக இருக்குமே?

புலி இல்லை, வறட்சி இல்லை, மருத்துவர் பக்கத்திலேயே. ஆனாலும் ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளின் பெண் ஆசிய யானைகளை மியான்மரில் மரம் இழுக்கும் யானைகளோடு ஒப்பிட்டு 2008-ல் வந்த ஆய்வில், மிருகக்காட்சிசாலையில் பிறந்தவற்றின் இடைநிலை ஆயுள் 18.9 ஆண்டு, மியான்மரில் 41.7 ஆண்டு. பாரம் இழுத்த யானை, நிழலில் நின்ற யானையைவிட இரு மடங்கு வாழ்ந்திருக்கிறது. மியான்மர் யானைகள் இரவில் காட்டில் மேய்ந்தவை.

மதம் பிடிப்பது பைத்தியமா?

சங்கத் தமிழ் கடாஅம் என்று சொல்லும் அந்த மதநீர், வளர்ந்த ஆண் உடல்நலத்தோடு இருப்பதன் அடையாளம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள சுரப்பி கசிந்து கன்னத்தில் கருங்கோடு இறங்கும், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், ஆண்மைச் சுரப்பு பல மடங்கு ஏறும். வாரங்கள், சில சமயம் மாதங்கள் நீடிக்கும். காட்டில் அது இணை தேடி நெடுந்தூரம் நடக்கும் காலம். அந்த நேரத்தில் கொம்பனை நான்கு காலும் கட்டி ஊர்வலத்துக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பதைச் செய்தித்தாள் ஆண்டுதோறும் சொல்கிறது.

குட்டி யானைகளைத் தாக்கும் வைரஸ் பற்றிக் கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மை. யானைகளுக்கே உரிய ஹெர்ப்பிஸ் வைரஸ் அது. பெரிய யானைகளில் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குறையும் வயதில் கன்றைத் தாக்கினால் ஓரிரு நாளில் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து இறந்துவிடும். வாரம் ஒரு முறை இரத்தம் எடுத்துப் பார்க்கப் பழக்குவது முக்கியமான முன்னெச்சரிக்கை. இன்னொன்று காசநோய். மனிதரிடமிருந்து யானைக்கும், யானையிடமிருந்து மனிதருக்கும் போகும். பாகனுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை செய்யாத முகாம் முகாமே இல்லை.

தனியாக நிற்கும் குட்டியைக் கண்டால்?

தொடாதீர்கள், பால் கொடுக்காதீர்கள், படம் எடுக்கக் கூட்டம் சேர்க்காதீர்கள். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். தாய் பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும். 22 மாதம் வரை சுமந்து, நான்கைந்து ஆண்டுக்கு ஒன்று பெறுகிற தாய் எளிதில் விட்டுவிட்டுப் போகாது. 2023 டிசம்பரில் ஆனைமலையில் கூட்டத்தைத் தவறவிட்ட ஒரு குட்டியை வனத்துறையினர் தாயிடம் சேர்த்தார்கள். சில நாள் கழித்து அது தாயின் காலடியில் ஒட்டிப் படுத்துத் தூங்கும் படம் வெளியானது. தாய் கிடைக்காத குட்டிகளுக்கு இலங்கையின் உடவளவை யானைகள் இடைத்தங்கல் இல்லம் நல்ல முன்மாதிரி. 1995-ல் தொடங்கியது. மனிதரோடு பழக விடாமல், பால் கொடுக்கும் நேரம் தவிரக் கூட்டமாகத் திரியவிட்டு வளர்த்து, நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் காட்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது.

சாலையோரம் நிற்கும் யானைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தால் தப்பா?

தப்பு. வண்டி என்றால் பழம் என்று கற்றுக்கொண்ட யானை அடுத்த வண்டியையும் மறிக்கும். பழம் கொண்டுவராதவர் உதைபடுவார், பிறகு "தொந்தரவு யானை" என்று பட்டம் வரும், கரால் வரும். குப்பையும் அப்படித்தான். 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்த கர்ப்பிணி யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது.

காட்டுச் சாலையில் யானை எதிரே வந்தால் என்ன செய்வது?

தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், முகவிளக்கை மின்ன வேண்டாம், இறங்கவே வேண்டாம். அது உங்கள் பக்கம் நடந்தால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். காது விரிந்து அசையாமல் நிற்க, தும்பிக்கை உள்ளே சுருண்டு, வால் தூக்கியிருந்தால் அது மிரட்டலைத் தாண்டிவிட்டது என்று பொருள். நடந்து போகிறவர் ஓடி ஜெயிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் எடுக்கும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, உங்கள் வாடை அதற்குப் போகாத திசையில், பெரிய மரத்தையோ பாறையையோ நடுவில் வைத்து விலகுங்கள். கன்றோடு இருக்கும் பிடி கொம்பனைவிடச் சினம் மிக்கது.

கூட்டம் சாலையைக் கடக்கும்போது கடைசிக் கன்று போய்விட்டது என்று உடனே வண்டியை எடுக்காதீர்கள். சில சமயம் பின்னால், புதர் அசையாமல், தனியாக ஓர் ஆண் வந்துகொண்டிருக்கும். அதையும் போக விடுங்கள்.